கொண்டை சிவந்தால் சேவலா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் கோழி வளர்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன: வளர்ந்து வரும் குஞ்சு சேவலா, பெட்டையா என்பதை எப்போது, எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே நாளில் பொரித்த ஆறு குஞ்சுகள் வளர்கின்றன. இப்போது அவற்றுக்கு எட்டு வாரம். இரண்டின் கொண்டை நன்றாகச் சிவந்துவிட்டது. ஒன்றுக்குக் கொண்டை இருப்பதே தெரியவில்லை, ஆனால் கால்கள் தடித்திருக்கின்றன. மற்ற மூன்றும் இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ளன. ஆறும் ஒரே இனம் அல்ல. சேவல்களை இப்போதே பிரித்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: இன்னும் ஐந்தாறு வாரம் பொறுத்திருங்கள். எட்டு வாரத்தில் கொண்டை நன்றாகச் சிவந்து, அதனுடன் தாடியும் தொங்கத் தொடங்கியிருந்தால் அந்தக் குஞ்சு சேவலாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் அதையே திருப்பிப் போட்டு, கொண்டை சிவக்காதது பெட்டைதான் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆறில் தவறாகக் கணிக்க இடம் தருவது சிவந்த கொண்டையுடைய இரண்டும் அல்ல, கொண்டை தெரியாத அந்தத் தடித்த காலுடையதுதான்.

கொண்டையின் வளர்ச்சி, விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்புக்குக் கட்டுப்பட்டது. 1849இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர் இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றிப் பார்த்தபோது, அவற்றின் கொண்டையும் தாடியும் வளராமல் வெளிறிக் கிடந்தன, கூவும் வழக்கமும் சண்டைக் குணமும் தலைகாட்டவில்லை. அகற்றிய விரையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துப் பொருத்திய சேவல்களுக்கோ எல்லாம் வழக்கம்போல வந்து சேர்ந்தன. ஆகவே கொண்டை சிவப்பது, அந்தச் சுரப்பு இரத்தத்தில் ஓடத் தொடங்கியதற்கு அடையாளம். அது எந்த வாரத்தில் தொடங்கும் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. லெக்ஹார்ன் போன்ற இலேசான உடல்வாகும் பெரிய ஒற்றைக் கொண்டையும் கொண்ட இனங்களில் மூன்று நான்கு வாரத்திலேயே சேவல் குஞ்சின் கொண்டை எடுப்பாகத் தெரிந்துவிடும். கனத்த உடல் கொண்ட இனங்களில் ஆறு முதல் ஒன்பது வாரம் வரை ஆகலாம். பிரம்மா முதலியவற்றின் பட்டாணிக் கொண்டையில் இன்னும் தாமதமாகும். இவற்றைக் கலந்து வளர்க்கும் வீட்டில், லெக்ஹார்ன் பெட்டையின் கொண்டை பக்கத்தில் நிற்கும் பிரம்மா சேவலின் கொண்டையைவிடப் பெரிதாக இருப்பது அன்றாடக் காட்சி. எனவே ஒரு குஞ்சை அதே இனத்தைச் சேர்ந்த, அதே வயதுடைய உடன்பிறப்புடன் மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட ஆள் இல்லாத குஞ்சைப் பற்றி எட்டு வாரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கொண்டை தெரியாத உங்கள் குஞ்சு பட்டாணிக் கொண்டை வகையாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். அலகுக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் மூன்று தாழ்ந்த வரிசைகள் தட்டுப்பட்டால் அது அவ்வகைதான். மூன்றில் நடு வரிசை மற்ற இரண்டையும்விட உயர்ந்து, அகன்று, இளஞ்சிவப்பாகவும் மாறியிருந்தால் சேவல் என்று சந்தேகப்படலாம். மூன்றும் மெல்லியதாக, மஞ்சள் நிறத்திலேயே இருந்தால் பெட்டையாக இருக்கலாம். பெட்டைகளின் கொண்டை பொதுவாக நான்கு மாதத்தைத் தாண்டி, முட்டையிடும் காலம் நெருங்கும்போதுதான் சிவக்கும். கால் தடிப்பும் பயனுள்ள அடையாளமே, ஆனால் அதற்கும் ஒரே இனம் என்ற நிபந்தனை உண்டு.

இடைப்பட்ட மூன்றில் இறகின் நிறத்தையும் கவனியுங்கள். காட்டுக்கோழியின் நிறச்சாயல் உள்ள குஞ்சுகளில், ஆறு வாரத்திலிருந்தே சேவலின் தோள்பட்டையிலும் சிறகின் மேற்பகுதியிலும் அடர்சிவப்புத் திட்டுகள் ஒழுங்கின்றித் தோன்றும், மார்பிலும் கருமை படரும். அதே வயதுப் பெட்டை உடல் முழுவதும் சீரான பழுப்பாக, மார்பில் வெளிறிய செம்மையுடன் இருக்கும். முற்றிலும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ உள்ள குஞ்சுகளில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

நான் உறுதியாக நம்பும் அடையாளம் முதுகின் பின்பகுதியில், வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே முளைக்கும் இறகுகள்தான். பத்து வாரம் தொடங்கி பதினான்கு வாரத்துக்குள் பெரும்பாலான இனங்களில் அவை முளைத்துவிடும். மாலையில் கோழிகள் அடைந்த பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்து இறகுகளை விரலால் விலக்கிப் பாருங்கள். பழைய இறகுகளின் நுனி வட்டமாக இருக்கும். அவற்றின் நடுவே உறையிலிருந்து பாதி வெளிவந்த புதிய இறகுகள் குறுகலாக, கூர் நுனியுடன், விளிம்பில் இழை பிரிந்து பளபளத்தால் அது சேவல். புதிதாக முளைப்பவையும் அகன்று, நுனி வட்டமாகவே இருந்தால் அது பெட்டை. கழுத்திறகை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் பெட்டையின் கழுத்திறகும் ஓரளவு கூர்மையாகவே இருக்கும்.

இந்த அடையாளத்துக்கு நான் இவ்வளவு எடை தருவதற்குக் காரணம் உண்டு. பெட்டையின் வட்ட இறகு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் சுரப்பினால் உருவாவது. அச்சுரப்பு போதிய அளவு இல்லாத கோழிக்கு, அது விரை நீக்கப்பட்ட சேவலாகவே இருந்தாலும், கூரிய இறகுதான் முளைக்கும். அதாவது கொண்டை ஒரு சுரப்பைப் பற்றிச் சொல்கிறது, முதுகிறகு வேறொரு சுரப்பைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்போது ஐயத்துக்கு இடமே இல்லை. செப்ரைட் என்னும் சிறிய அலங்கார இனத்தில் மட்டும் சேவலுக்கும் வட்ட இறகே இருக்கும். அதன் தோலிலேயே ஆண் சுரப்பு பெண் சுரப்பாக மாற்றப்பட்டுவிடுவதால் வரும் விதிவிலக்கு அது.

நெஞ்சை நிமிர்த்தி மோதிக்கொள்ளும் குஞ்சுகளைச் சேவல் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் பெட்டைகளும் அதே வேகத்தில் மோதிக்கொள்ளும், அவை தங்களுக்குள் வரிசை வகுத்துக்கொள்ளும் வயது அது. கூவாததையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். சில சேவல்கள் இரண்டு மாதத்திலேயே கரகரத்த குரலில் முயன்று பார்க்கும், பல நான்கைந்து மாதம் வரை வாய் திறக்காது, வயதில் மூத்த சேவல் இருக்கும் இடத்தில் இளையது அடங்கியே இருப்பதும் உண்டு. ஆறும் பெட்டையாக அமையும் வாய்ப்பு 64இல் ஒன்றுதான் என்பதால், சேவல்களுக்கு இடம் தேடும் வேலையை இப்போதே தொடங்குவதில் தவறில்லை. எதைக் கொடுப்பது என்பதை மட்டும் பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பொரித்த முதல் நாளிலேயே சிறகை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். நீள இறகு பெட்டை, குட்டை இறகு சேவலாமே. நானும் விரித்துப் பார்த்தேன், பத்துக் குஞ்சுக்கும் நீளமாகவே இருக்கிறது. பத்தும் பெட்டை என்று மகிழலாமா? – ஒரு வாசகர்

பதில்: மகிழ்ச்சியைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல, ஆனால் அது குறிப்பிட்ட பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகளுக்கு மட்டும் பொருந்துவது. இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு ஒன்று பாலின நிறப்புரியான (குரோமோசோம்) இசட்டில் இருக்கிறது, அது ஓங்கு தன்மை உடையது, அதாவது ஒன்று இருந்தாலே வெளிப்படுவது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். விரைவாக இறகு முளைக்கும் தந்தையையும் மெதுவாக முளைக்கும் தாயையும் வேண்டுமென்றே இணைத்தால், தாயின் ஒரே இசட் மகன்களுக்குப் போய்ச் சேர்ந்து அவர்களுக்கு இறகு தாமதமாகும். மகள்களுக்குத் தந்தையின் இசட் மட்டுமே கிடைப்பதால் இறகு விரைவில் நீளும். அந்தக் குஞ்சுகளின் சிறகை விரித்தால் இரண்டு வரிசை இறகுகள் தெரியும். கீழ் வரிசையிலுள்ள முதன்மை இறகுகள், அவற்றை மூடும் மேல் வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ, மேல் வரிசை நீளமாகவோ இருந்தால் சேவல். இதுவும் முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான், பிறகு வளர்ச்சியில் வித்தியாசம் கலைந்துவிடும்.

பெற்றோர் இருவருமே விரைவாக இறகு முளைக்கும் வகையாக இருந்தால் சேவல், பெட்டை என்ற வேறுபாடின்றி எல்லாக் குஞ்சுக்கும் நீண்ட இறகுதான் இருக்கும். உங்கள் பத்தும் அப்படிப்பட்டவையாகவே தோன்றுகின்றன. பெற்றோர் எந்த வகை என்று தெரியாத குஞ்சின் சிறகை விரித்துப் பார்ப்பது வீண் வேலை.

கேள்வி: கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் வரும் என்பது உண்மையா? அடைகாக்கும் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துப் பெட்டைகளை அதிகமாகப் பெற முடியுமா? – ஒரு வாசகி

பதில்: இரண்டும் இல்லை. முட்டை வடிவத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை மிகப் பழையது. அரிஸ்டாட்டில் நீண்டு கூர்ந்த முட்டையில் பெட்டை வரும் என்று எழுதினார். ரோமானியரான பிளினி உருண்டை முட்டையில்தான் பெட்டை வரும் என்று எழுதினார். இரு பேரறிஞர்களும் நேர் எதிராகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்தே இதன் தரம் விளங்கும். முட்டையின் வடிவம் அது உருவாகும் குழாயைப் பொறுத்தது. ஒரே கோழி தன் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே வடிவில் முட்டையிட்டு, அதிலிருந்து இரு பாலும் பிறப்பதை யாரும் பார்க்கலாம். குஞ்சின் பாலினத்தை முடிவு செய்வது தாயிடமிருந்து வரும் நிறப்புரி. முட்டை வெளியே வருவதற்கு முன்பே அந்த முடிவு ஆகிவிடுகிறது. சில ஊர்வனவற்றில் வெப்பம் பாலினத்தை மாற்றும் என்பது உண்மைதான், ஆனால் கோழியில் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தால் பொரிக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கைதான் குறையும். முட்டையின் மேல் நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிடுவதும், குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து அது திமிறுகிறதா என்று பார்ப்பதும் பூவா தலையா போடுவதைவிட மேலானவை அல்ல. இரண்டாவது செயல் குஞ்சுக்குத் துன்பமும்கூட.

கேள்வி: நிறத்தை வைத்தே பால் பிரிக்கும் குஞ்சுகளைச் சென்ற ஆண்டு வாங்கினேன். வெளிர் மஞ்சள் எல்லாம் சேவல், செம்பழுப்பு எல்லாம் பெட்டை என்றார்கள். அப்படியே இருந்தன. அவற்றையே இணையவிட்டு இந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளில் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. ஏன்? – ஒரு வாசகர்

பதில்: கணக்கு பொய்க்கவில்லை, ஒரு தலைமுறையோடு அது முடிந்துவிட்டது. நீங்கள் முதலில் வாங்கியவை பொன்னிறத் தந்தைக்கும் வெள்ளி நிறத் தாய்க்கும் பிறந்தவை. வெள்ளி நிற மரபணுவும் இசட் நிறப்புரியில் இருப்பது, பொன்னிறத்தை மறைப்பது. தாயின் வெள்ளி மகன்களுக்கு மட்டும் சென்று அவற்றை வெளிர் மஞ்சளாக்கியது, மகள்கள் தந்தையின் பொன்னிறத்தைப் பெற்றன. இப்போது உங்கள் சேவலிடம் வெள்ளி ஒன்றும் பொன் ஒன்றும் இருக்கின்றன, பெட்டையிடம் பொன் மட்டுமே இருக்கிறது. இவை இணைந்தால் மகன்களில் பாதி வெளிர் நிறம், பாதி செம்பழுப்பு. மகள்களிலும் அதே பாதிப் பாதி. நிறம் மாறிப் பிறந்தாலும் அது பாலினத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கறுப்புச் சேவலையும் வரியுடைய பெட்டையையும் இணைத்துப் பெறும் குஞ்சுகளில், தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், பொட்டில்லாமல் கறுப்பாக இருப்பது பெட்டை என்னும் கணக்கும் இவ்வாறே அடுத்த தலைமுறையில் உடைந்துவிடும்.

தலைமுறைதோறும் நிறத்தால் பால் தெரிய வேண்டுமானால் அதற்கென உருவாக்கப்பட்ட இனங்களை நாட வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மரபியலாளர்களான ரெஜினால்டு பன்னெட்டும் மைக்கேல் பீஸும் 1920களின் இறுதியில் இப்பணியைத் தொடங்கி, முதலில் கேம்பார் என்னும் இனத்தையும் பிறகு லெக்பார் இனத்தையும் உருவாக்கினார்கள். இறகில் வரிகளைத் தரும் மரபணு சேவலிடம் இரண்டு படியும் (நகலும்) பெட்டையிடம் ஒரு படியும் இருப்பதால், அவ்வினங்களில் சேவல் குஞ்சின் முதுகுக் கோடுகள் மங்கி, நிறமும் வெளிறியிருக்கும். பெட்டைக் குஞ்சின் முதுகில் அடர்ந்த கோடுகள் விளிம்பு தெளிவாக ஓடும், கண்ணோரக் கோடும் அழுத்தமாக இருக்கும். வளர்ப்பவர் அடுத்த தலைமுறையை அதே இனத்துக்குள் இணைத்தால் போதும், இந்த அடையாளம் தொடர்ந்து வரும்.

கேள்வி: குஞ்சுப் பொரிப்பகங்களில் பிட்டத்தை அழுத்திப் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார்களே, அதை நான் வீட்டில் கற்றுக்கொள்ளலாமா? – ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் என்பேன். 1920களில் ஜப்பானில் கியோஷி மசுயி முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்த முறை அது. எச்சத்துவாரத்தை மெல்ல விரித்து, உள்விளிம்பில் குண்டூசித் தலை அளவே இருக்கும் ஒரு புடைப்பைப் பார்க்கிறார்கள். சேவலில் அது உருண்டு, பளபளத்து, விரலால் தொட்டாலும் அமுங்காமல் நிற்கும். பெட்டையில் இல்லாமலோ, தட்டையாகவோ, தொட்டவுடன் அமுங்கிவிடுவதாகவோ இருக்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் பெட்டைகள் பலவற்றுக்கும் சிறு புடைப்பு இருப்பதால், இடைப்பட்ட வடிவங்களைப் பிரித்தறியக் கண் பழகுவதற்கே ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கையாள வேண்டியிருக்கிறது. பயின்றவர்கள் மணிக்கு 800க்கும் மேற்பட்ட குஞ்சுகளை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சரியாகப் பிரிப்பார்கள். பொரித்த முதல் நாளோடு இந்த வாய்ப்பும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கருப் பை இன்னும் இருக்கும், பழகாத கை சற்று அழுத்தினால் அது உடைந்து குஞ்சு இறந்துபோகும். ஆறேழு குஞ்சு வளர்ப்பவருக்கு இந்த ஆபத்து தேவையே இல்லை.

கேள்வி: எங்கள் சில்கிக்கு ஐந்து மாதம் ஆகிறது. பஞ்சு இறகாக இருப்பதால் கூர்மையும் வட்டமும் தெரியவில்லை. கூவவும் இல்லை, முட்டையும் இடவில்லை. என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: மேலே சொன்ன முதுகிறகு அடையாளம் கைகொடுக்காத இனங்களில் சில்கி முதன்மையானது. அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பிணையாததால் நுனி வடிவமே அமைவதில்லை. தலைக் குடுமியைப் பாருங்கள். உருண்டையாகக் குவிந்திருந்தால் பெட்டையாக இருக்கலாம். குடுமியிலிருந்து சில நீண்ட இழைகள் பின்னோக்கிச் சீறிக்கொண்டிருந்தால், நெற்றியில் உள்ள கொண்டையும் அகன்று பருத்திருந்தால் சேவலாக இருக்கலாம். காத்திருக்க மனமில்லை என்றால் மரபணுச் சோதனை இருக்கிறது. சிஎச்டி1 என்னும் மரபணுவின் இசட் படியும் டபிள்யூ படியும் நீளத்தில் வேறுபடுவதை வைத்து, ஆய்வகத்தில் உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குத் தரையில் உதிர்ந்து கிடக்கும் இறகு பெரும்பாலும் பயன்படாது. அடிக்குருத்தில் உயிருள்ள திசு ஒட்டியிருக்கும்படி புதிதாகப் பிடுங்கிய இரண்டு மூன்று இறகுகள் வேண்டும். குருத்தைக் கையால் தொடாமல், ஒவ்வொரு கோழிக்கும் தனி உறையில் பெயரெழுதி வையுங்கள்.

கேள்வி: ஓராண்டாக முட்டையிட்டு வந்த எங்கள் பெட்டை இப்போது முட்டையை நிறுத்திவிட்டுக் கூவுகிறது. கொண்டையும் பெரிதாகி வருகிறது. ஆரம்பத்திலேயே நாங்கள் தவறாகக் கணித்துவிட்டோமா? – ஒரு வாசகர்

பதில்: அது முட்டையிட்டதை உங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தால் கணிப்பு சரிதான், அது பெட்டைதான். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமை ஏற்ற பெட்டை கூவுவது அவ்வப்போது நடப்பதே, அதனால் கவலை இல்லை. ஆனால் முட்டை நின்று, கொண்டையும் பெருக்கிறது என்றால் சூலகத்தைத்தான் எண்ண வேண்டும். பெட்டைக் கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது, வலப்பக்கத்தில் இருப்பது வளராத ஓர் எச்சம். நோயினாலோ கட்டியினாலோ இடச் சூலகம் கெட்டால் ஈஸ்ட்ரோஜன் குறையும். அப்போது வலப்பக்க எச்சம் விரையை ஒத்த உறுப்பாக வளர்ந்து ஆண் சுரப்பைத் தரத் தொடங்கலாம். அதனால் கொண்டை பெருக்கும், குரல் மாறும், கால்முள் நீளும். அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது முதுகில் கூரிய இறகுகள் வரும். நிறப்புரி அளவில் அது கடைசிவரை பெட்டையே, அதனால் மற்றக் கோழிகளின் முட்டை கருவுறுவதை எதிர்பார்க்க வேண்டாம்.

1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி ஒரு சேவலை முறைப்படி விசாரித்து எரித்துக் கொன்றார்கள். இப்படி உருமாறிய ஒரு பெட்டைதான் அன்று சிக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எண்ண இடமிருக்கிறது. உங்கள் கோழி தீனி எடுத்து, சுறுசுறுப்பாக இருந்தால் அப்படியே வளர்க்கலாம். வயிறு உப்பினாலோ, நடை தளர்ந்தாலோ கட்டி இருக்கக்கூடும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.